செல்லமுத்துவின் மூக்கும் மருதாயியின் கையும்

என் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு என் வாழ்க்கையைப் புத்தகமாகப் போட வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள். ராசாங்கம் எப்படி மூட்டை தூக்கினான், எப்படி வெங்காய மண்டி வைத்தான், எப்படி மூன்று லாரி வாங்கினான் என்று சொல்ல ஊரில் ஆள் இருக்கிறது. நானும் அதைச் சொல்லச் சலிக்கிறவன் இல்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், அடுத்தவர் காட்டில் களை வெட்டிய கூட்டத்தில் பிறந்தவன், பெரம்பலூரில் சொந்த மண்டியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன் என்றால் அது சும்மா வந்ததில்லை. ஆனால் அந்த நாற்காலியின் ஒரு காலை இன்னொருவன் பிடித்துக்கொண்டிருந்தான். அவனைப் பற்றி என் பிள்ளைகள் எழுத மாட்டார்கள். அதனால் நானே எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் அச்சுப் போடுகிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

செல்லமுத்து எங்கள் தெருக்காரன். எனக்கு ஆறு வயது இளையவன், என்னை அண்ணே என்று கூப்பிடுவான். நான் மண்டி வைத்த நாளிலிருந்து என்னோடு இருந்தான். அவனுக்கு என்னிடம் மூட்டை தூக்கும் வேலை இல்லை, கணக்கு எழுதும் வேலையும் இல்லை. அவனுடைய மூக்குதான் வேலை.

சின்ன வெங்காயத்தைப் பிடுங்கிய உடனே விற்காதவர்கள் காட்டிலேயே பட்டறை போட்டு வைப்பார்கள். தரையில் கல் பரப்பி, சுற்றிலும் படல் கட்டி, மேலே ஓலை வேய்ந்து, உள்ளே வெங்காயத்தைத் தாளோடு கொட்டி வைப்பதற்குத்தான் பட்டறை என்று பெயர். வெளியிலிருந்து பார்த்தால் செக்கச் செவேலென்று இருக்கும். உள்ளே எங்காவது ஒரு கை அகலம் அழுகியிருந்தால் போதும், பதினைந்து நாளில் பட்டறை மொத்தமும் கூழாகிவிடும். வாங்குகிறவன் படலைப் பிரித்துப் பார்க்கக் கூடாது. பிரித்துவிட்டால் நல்லதோ கெட்டதோ வாங்கியாக வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் அதுதான் வழக்கம்.

செல்லமுத்து பொழுது கிளம்பும் நேரத்தில், காற்று எழும்புவதற்கு முன்னால், பட்டறையை ஒரு சுற்று வருவான். அதுவரை டீ குடிக்க மாட்டான். பீடி, வெற்றிலை எதுவும் கிடையாது. படலின் சந்தில் மூக்கை வைத்துக் கண்ணை மூடி நிற்பான். பிறகு என் பக்கம் திரும்பி, மேற்கு மூலையில் முழங்கால் உயரத்தில் கெட்டிருக்கிறது என்பான், அல்லது தைரியமாக எடுக்கலாம் என்பான். ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. செட்டிகுளத்திலிருந்து அரும்பாவூர் வரை காட்டுக்காரர்கள் அவனைப் பார்த்தால் எரிச்சல்படுவார்கள். என்னைப் பார்த்தால் கும்பிடுவார்கள். கும்பிடு வாங்கித் தந்தது அவன் மூக்கு என்று எனக்கும் தெரியும், ஆனால் நான் அப்போது யாரிடமும் சொன்னதில்லை.

அவன் வீட்டில் மூன்று பேர். அவன், அவன் அம்மா பொன்னாயி, கட்டிக்கொண்டு வந்து இரண்டு வருஷமான மருதாயி. மருதாயி அரியலூர்ப் பக்கம், சுண்ணாம்புக்கல் தோண்டும் ஊர். வாய் அதிகம் பேசாது. கைவேலை சுத்தம். அவள் வைக்கிற கருவாட்டுக் குழம்புக்கு நானே இரண்டு முறை கூப்பிடாமல் போய் உட்கார்ந்திருக்கிறேன்.

எண்பத்தொன்றாம் வருஷம் சித்திரை மாதம். ரஞ்சன்குடிக்குப் பக்கத்துக் காட்டிலிருந்து லோடு ஏற்றினோம். மழை மேகம் கூடியிருந்தது, எனக்கு அவசரம். மேலே ஏறிக் கயிறு கட்டுகிற ஆள் வரவில்லை. செல்லமுத்துவை ஏறச் சொன்னேன். அவன் கட்டி முடிப்பதற்குள் டிரைவரை வண்டியை எடுக்கச் சொன்னவனும் நான்தான். போய்க்கொண்டே கட்டட்டும் என்றேன். வண்டி வரப்பைத் தாண்டிக் குலுங்கியது. செல்லமுத்து மூட்டைக்கு மேலிருந்து மல்லாக்க விழுந்தான். பின்மண்டை கெட்டித் தரையில் அடித்தது. தேங்காய் உடைத்த மாதிரி கேட்ட சத்தம் எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது.

ஆனால் ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. எழுந்து உட்கார்ந்தான், ஒரு தரம் வாந்தி எடுத்தான், பிறகு சிரித்தான். நாங்களும் சிரித்தோம். ஒரு சோடா உடைத்துக் கொடுத்து, அதே லாரியில் முன்பக்கம் உட்கார வைத்துக் கூட்டிவந்தேன். பின்னால் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது. மருதாயி மறுநாளே பஸ் ஏறித் தாய்வீட்டுக்குப் போய், வீக்கத்துக்குப் பற்றுப் போட அவள் அம்மா அரைத்துக் கொடுத்த பச்சிலை உருண்டையை வாழைச் சருகில் கட்டி எடுத்துவந்தாள். அந்தச் சருகுப் பொட்டலத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீக்கம் வடிந்தது. அந்த வாரமே செல்லமுத்து சோறு சப்பென்று இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தான். குழம்பில் உப்பில்லை, ரசத்தில் மணமில்லை, எதைத் தின்றாலும் நனைத்த துணியைத் தின்பதுபோல் இருக்கிறது என்றான். மருதாயி உப்பைக் கூட்டினாள். புளியைக் கூட்டினாள். மிளகாயை இரண்டு பங்கு அரைத்தாள். அதே குழம்பைத்தான் பொன்னாயியும் தின்றாக வேண்டும். வாயில் வைத்துவிட்டுத் துப்பினாள். "ஏண்டி, உப்பளத்துல பொறந்தவளா நீ?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். மருதாயி, அவருக்குப் பத்தலைங்கிறாரே என்றாள். அந்த அம்மாளுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. மகன் ஒரு மாதிரி சொல்கிறான், தன் நாக்கு ஒரு மாதிரி சொல்கிறது, இடையில் இருக்கிறவள் ஏதோ செய்கிறாள் என்று அன்றைக்கே மனதில் விழுந்துவிட்டது.

இது எதுவும் எனக்குத் தெரியாது. செல்லமுத்து வழக்கம்போல் பட்டறைக்கு வந்தான், மூக்கை வைத்தான், கண்ணில் தண்ணீர் வந்தது, எடுக்கலாம் என்றான். இரண்டு பட்டறை அப்படி எடுத்தோம், இரண்டும் அவன் அதிர்ஷ்டத்துக்கு நன்றாக இருந்தன. மூன்றாவது அரும்பாவூரில். எடுக்கலாம் என்றான். ஆள் வைத்துப் படலைப் பிரித்ததும் நாற்றம் வந்தது பாருங்கள், மூட்டை பிடிக்க வந்த பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வரப்புக்கு ஓடினார்கள். பாதிப் பட்டறை கூழ். நானே துண்டை மூக்கில் வைத்துக்கொண்டேன். செல்லமுத்து மட்டும் அந்தக் கூழுக்கு நடுவில் நின்றுகொண்டு, எதற்கு எல்லாரும் ஓடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனை அத்தனை பேர் முன்னால் நான் பேசியதை இங்கே எழுத முடியாது. பேசி முடித்த பிறகு அவன் சொன்னான்:

"எனக்கு வாசமே தெரியலண்ணே. ரெண்டு மாசமாச்சு. வெங்காயம் கண்ணுல எரியுது, அவ்வளவுதான். மூக்குல ஒண்ணும் இல்ல."

எரிச்சல் இருந்ததால்தான் என்னை ஏமாற்ற முடிந்திருக்கிறது. வெங்காயத்தின் காரம் கண்ணுக்கு உறைக்கிறது, வாசனை மட்டும் இல்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் உங்களுக்கு நான் எதுக்கு என்றான். அந்தக் காலத்தில் அதற்கு என்னிடம் இருந்த பதில் நல்ல பதில் இல்லை.

ஆடி பிறந்தபோது வேறு மாதிரி ஆகிவிட்டது. மூக்கு திரும்பி வந்தது, ஆனால் கோணலாக வந்தது. வெந்த சோறு அழுகின வெங்காயமாக நாறியது. தாளிப்பு நாறியது, காப்பி நாறியது, சோப்பு நாறியது. தட்டைக் கிட்டே கொண்டுவந்தாலே ஓங்கரிப்பான். பச்சைத் தண்ணீரும் மோரும்தான் இறங்கியது. வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்துப்போனான். மருதாயி எட்டு விதமாகச் சமைத்துப் பார்த்தாள். அவள் கைபட்ட எதுவும் அவனுக்கு ஆகவில்லை. வீட்டில் சமைக்கிறவள் அவள் ஒருத்திதான் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

பொன்னாயி என் மண்டிக்கே வந்தாள். கையில் அந்தக் காய்ந்த சருகுப் பொட்டலம். அரிசிப் பானைக்குப் பின்னால் கிடந்ததாம். உள்ளே ஒட்டிக்கொண்டிருந்த பச்சிலைப் பொடியைக் காட்டினாள். "ஏப்பா ராசாங்கம், எம்புள்ளைக்கு மருந்து வெச்சுட்டா. தாய்வூட்டுலேருந்து கொண்டாந்து சோத்துல போட்டுருக்கா," என்றாள்.

மருந்து வைப்பது என்றால் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் புரியும். புருஷனைக் கைக்குள் போட்டுக்கொள்ள, சோற்றில் எதையோ கலந்து கொடுத்துவிடுவது. அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஆளை உருக்கும் என்று நம்புவோம். நானும் நம்பினேன். நான் அனுபவசாலி, பத்துப் பேருக்குப் பஞ்சாயத்து சொல்கிறவன், என்னைத் தேடித்தான் வருவார்கள். அன்று சாயங்காலமே அவன் வீட்டில் போய் உட்கார்ந்தேன். தெருவில் பாதிப் பேர் வாசலில்.

மருதாயி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பொட்டலத்தைக் காட்டிக் கேட்டேன். வீக்கத்துக்குப் போட்ட பற்று என்றாள். அதோடு நிறுத்தியிருந்தால் நான் விட்டிருப்பேனோ என்னவோ. அவள் மேலே ஒன்று சொன்னாள்.

"லாரியிலேருந்து விழுந்ததிலேருந்துதான் மாமா, அவரு இப்படி இருக்காரு. அதுக்கு மின்ன இந்தக் கை ஆக்குனதத்தான தின்னாரு."

"ஒரு சொட்டு ரத்தம் வந்துச்சா?" என்றேன். "என் லாரிதான் ஒம்புருசன் வாயில மண்ணப் போட்டுச்சுன்னு சொல்ற மாதிரில்ல இருக்கு."

"லாரியச் சொல்லல மாமா. விழுந்ததச் சொல்றேன்."

பெரியவங்க பேசும்போது வாயை மூடு என்றேன். மூடிக்கொண்டாள். செல்லமுத்து என் முகத்தையும் அவள் முகத்தையும் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தான். அவன் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசாததற்குக் காரணம் நான். அடுத்த பட்டறைக்கு அவனைக் கூப்பிடுவேனா மாட்டேனா என்பது என் கையில் இருந்தது.

மறுநாள் என் செலவில், என் வண்டியில், மருந்து எடுக்கிறவரிடம் போனோம். ஊர்ப் பெயர் வேண்டாம். அவருடைய மக்கள் இருக்கிறார்கள். அவர் ஏதோ ஒரு பச்சிலையைக் கசக்கித் தண்ணீர் விட்டுப் பிழிந்து, செல்லமுத்துவின் உள்ளங்கையைக் குழிக்கச் சொல்லி அந்தச் சாற்றை ஊற்றினார். அசையக் கூடாது என்றார். ஒரு வெற்றிலை போட்டு மெல்லுகிற நேரம். சாறு பச்சை நுங்கு மாதிரி கட்டிக்கொண்டது. கையைக் கவிழ்த்தும் விழவில்லை. மருந்து இருந்தால்தான் கட்டும், இல்லாவிட்டால் தண்ணியாக ஓடிவிடும் என்றார். பொன்னாயி அங்கேயே மண்ணை வாரித் தூற்றினாள். பிறகு எதையோ குடிக்கக் கொடுத்தார். செல்லமுத்து குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தான். அதிலிருந்து ஒரு கருப்பு உருண்டையை எடுத்துக் காட்டினார். மயிரும் சாம்பலும் சேர்ந்த மாதிரி இருந்தது. அது அவன் வயிற்றிலிருந்து வந்ததா, அவர் விரலிடுக்கிலிருந்து வந்ததா என்று பார்க்கிற புத்தி எனக்கு இல்லை. நூறு மூட்டையில் ஒரு சொத்தை மூட்டையைக் கண்டுபிடிக்கிற ராசாங்கம் அன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

மருதாயி அன்றைக்கே போனாள். யாரும் அடிக்கவில்லை, பிடித்துத் தள்ளவில்லை. அவள் தண்ணீர் எடுத்த குடத்தைப் பொன்னாயி கவிழ்த்து வைத்தாள், அவ்வளவுதான். மருதாயி தன் துணிகளைக் கட்டிக்கொண்டு அரியலூர் பஸ் ஏறினாள். தெருப் பெண்கள் தங்கள் பிள்ளைகளை அவள் போகும்வரை உள்ளே வைத்துக்கொண்டார்கள். அவள் கையால் இரண்டு வருஷம் முறுக்கும் அதிரசமும் வாங்கித் தின்ற பிள்ளைகள்.

போய் மூன்று மாதமாயிற்று. இப்போது பொன்னாயி சமைத்தாள். பொன்னாயி சமைத்ததும் நாறியது. மிச்சம் ஒட்டியிருக்கிறது, இன்னொரு தரம் எடுக்க வேண்டும் என்றாள். செல்லமுத்து முதல் தடவையாக அம்மாவை எதிர்த்து, முடியாது என்றான். அதற்குள் கார்த்திகை வந்துவிட்டது, தை மாதம் புது வெங்காயம் வந்துவிடும். மூக்கு இல்லாமல் நான் எப்படி வாங்குவது? ஒளிக்காமல் எழுதுகிறேன், அவன் மேல் இரக்கப்பட்டு நான் அவனைத் திருச்சிக்குக் கூட்டிப்போகவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டை பார்க்கிற டாக்டர். வயது குறைவு, பொறுமை அதிகம். செல்லமுத்துவின் கண்ணைக் கட்டி, ஒரு பக்க மூக்கை மூடி, சின்னச் சின்னப் புட்டிகளைக் காட்டினார். காப்பித்தூள், சோப்பு, கிராம்பு. எல்லாமே அழுகல் நாற்றம் என்றான். பிறகு நாக்கில் சர்க்கரை, உப்பு, எலுமிச்சை, ஏதோ ஒரு கசப்பு வைத்தார். நான்கையும் சரியாகச் சொன்னான். டாக்டர் என்னிடம் திரும்பி, நாக்கு நன்றாக இருக்கிறது, சோற்றில் ருசி என்று நாம் சொல்வதில் முக்கால்வாசி மூக்குதான் என்றார். எனக்கு அது புதிதாக இருந்தது. வாயால் தின்கிற எல்லாரையும்போல நானும் ருசி வாயில் இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டார். பெரிய சளி, காய்ச்சல் வந்ததா? மூக்குக்குள் சதை வளர்ந்திருக்கிறதா என்று விளக்கு வைத்துப் பார்த்தார். பல் சொத்தையா, ஈறில் சீழா? ரத்தக் கொதிப்புக்கோ வேறு எதற்கோ மாத்திரை தின்கிறானா? சர்க்கரை வியாதி உண்டா? வயலில் பூச்சி மருந்து அடிப்பானா? தலைவலி, கண் மங்கல், வலிப்பு உண்டா? திடீரென்று வாசனை மாறினால் தலைக்குள் கட்டி வளர்வதாகக்கூட இருக்கலாம், அதனால்தான் கேட்கிறேன் என்றார். எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்றோம்.

"தலையில எப்பவாவது அடி பட்டுச்சா?"

"இல்லைங்க," என்றேன் நான். கேட்டது அவனை. பதில் சொன்னது நான். யோசித்துச் சொன்னதுகூட இல்லை, வாய் தானாகச் சொன்னது.

டாக்டர் எழுதப் போனார். செல்லமுத்து நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் பேசினான்.

"விழுந்தேங்க. லாரி மேலேருந்து. சித்திரையில. எம்பொண்டாட்டி அன்னைக்கே சொல்லிச்சு, அதுலேருந்துதான்னு. நாங்கதான் கேக்கல."

டாக்டர் பேனாவை வைத்தார். பின்மண்டையைத் தடவிப் பார்த்தார். படம் எடுக்க அனுப்பினார். படத்தில் உடைசல் இல்லை. பிறகு எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். மூக்கின் உச்சியில் சல்லடை மாதிரி ஒரு எலும்பு இருக்கிறதாம். அதன் ஓட்டை வழியாக நூலைவிட மெல்லிய நரம்புகள் மூளைக்குப் போகின்றன. பின்னால் அடி விழும்போது மூளை உள்ளே குலுங்கி, அந்த நூல்கள் அறுந்துவிடும். ரத்தமே வர வேண்டாம். அறுந்தது சில பேருக்குத் திரும்ப முளைக்கும், ஆனால் இடம் மாறி முளைத்தால் நல்லது கெட்டதாகத் தெரியும். வருஷம் இரண்டில் சரியாகலாம், ஆகாமலும் போகலாம். மருந்து கிடையாது. அடுப்பையும் கெட்டுப்போன சோற்றையும் மூக்கை நம்பிப் பார்க்காதே, பக்கத்தில் ஒரு ஆள் இருக்கட்டும் என்றார்.

நான் வெட்கத்தை விட்டுக் கேட்டேன், சோற்றில் ஏதாவது கலந்தால் இப்படி வருமா என்று. அவர் சொன்னார்: "ஐயா, இவர் வீட்டம்மா சொன்னத அன்னைக்கே கேட்டிருந்தா, நீங்க என்கிட்ட கேட்க எந்தக் கேள்வியும் மிச்சம் இருந்திருக்காது."

திருச்சியிலிருந்து நேராக அரியலூர் பஸ் ஏறினோம். செல்லமுத்து வழி முழுக்க ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தான். மருதாயி கல் குழியில் கூடை சுமந்துகொண்டிருந்தாள். தலை, புருவம், எல்லாம் வெள்ளைப் பொடி. எங்களைப் பார்த்துக் கூடையை இறக்கினாள். நான்தான் டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னேன், நன்றாகவே சொன்னேன், சல்லடை எலும்பு வரைக்கும். வீட்டுக்கு வா என்றேன். அவளுக்கு எடுத்துப்போன சேலையை நீட்டினேன்.

அவள் சேலையைத் தொடவில்லை. "எங்கிட்டச் சொல்லி என்னா மாமா? எனக்குத் தெரியாததா? எந்த வாசல்ல பேரக் கெடுத்தீங்களோ அங்க சொல்லுங்க. தெருச் சனம் பாக்க, சாறு கட்டுனதுக்கு என்னா அர்த்தம்னு சொல்லுங்க. அப்புறம் வரேன்."

நான் யோசிக்கிறேன் என்றேன். கும்பிடு வாங்கிப் பழகினவன் கூட்டத்தில் நின்று தப்புச் செய்தேன் என்று எப்படிச் சொல்வது? நான்கு மாதம் யோசித்தேன். தை வெங்காயம் வந்தது, போனது. செல்லமுத்து மண்டியில் தராசுப் பக்கம் உட்கார்ந்திருந்தான். என்னைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

சாறு ஏன் கட்டியது என்பது மட்டும் என் மண்டையைக் குடைந்தது. பங்குனியில் ஒரு மத்தியானம், என் சொந்தக் காட்டு வேலியில் அதே இலை படர்ந்திருப்பதைப் பார்த்தேன். கட்டுக்கொடி. பறித்துக் கசக்கித் தண்ணீர் விட்டுப் பிழிந்து என் உள்ளங்கையில் ஊற்றினேன். கட்டிக்கொண்டது. அதையே ஒரு சிரட்டையில் ஊற்றினேன். சிரட்டையிலும் கட்டிக்கொண்டது. சிரட்டைக்கு யார் மருந்து வைத்தார்கள்? அந்தக் கொடியின் குணம் அது. ஒரு பெண்ணை ஊரை விட்டு அனுப்பியது ஒரு கொடியின் குணம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் வாசலில் தெருவைக் கூட்டினேன். மருதாயிக்கும் சொல்லி அனுப்பினேன். வந்து கூட்டத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் நின்றாள். நான் எதையும் பாதியாகச் செய்கிறவன் இல்லை. லாரி என்னுடையது, வண்டியை எடுக்கச் சொன்னவன் நான், டாக்டரிடம் பொய் சொன்னவனும் நான் என்று உரக்கச் சொன்னேன். பிறகு கொடியைக் கசக்கி, எல்லாரும் பார்க்க என் கையில் ஊற்றினேன். நின்றேன். கட்டியது. கையைக் கவிழ்த்துக் காட்டினேன். விழவில்லை.

கூட்டம் கப்பென்று அடங்கியது. சரி, புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அப்போது கொளஞ்சியப்பன் என்கிற என் பங்காளி மெதுவாகச் சொன்னான்:

"அப்ப ஒனக்கும் வெச்சுருக்கு, ராசாங்கம். அதான் குஞ்சம்மா சொன்னா ஆடுற."

குஞ்சம்மாள் என் மனைவி. சிரிப்பு எழுந்தது, ஆனால் விளையாட்டுச் சிரிப்பு இல்லை. என் வீட்டுக்காரி தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு நடந்தாள். நான் விடவில்லை. பொன்னாயியின் கையைப் பிடித்து ஊற்றினேன். அவள் கையிலும் கட்டியது. பார் சித்தி, உனக்கு யார் வைத்தது என்றேன். அவள் தன் கையைப் பார்த்தாள், வேப்பமரத்தடியைப் பார்த்தாள், அலறினாள்.

"பாவி, எனக்கும் வெச்சுட்டுத்தான் போயிருக்கா."

சிரட்டையில் ஊற்றிக் காட்டலாம் என்று திரும்பினேன். கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. பெண்கள் வேப்பமரத்தை விட்டு ஒதுங்கி நடந்தார்கள். மருதாயி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, ஒரு மாதிரி சலிப்பு. பஸ் நேரம் பார்த்துக் கிளம்பினாள். செல்லமுத்து என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினான். "வரேண்ணே" என்றான். அவள் பின்னால் நடந்தான். மாற்றுத் துணி எடுக்கக்கூட வீட்டுக்குப் போகவில்லை.

அந்தக் கல் குழி ஊரிலேயே தங்கிவிட்டான். பக்கத்தில் சுண்ணாம்புக் காளவாயில் வேலை. நான்கு வருஷம் கழித்து, என் மகள் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனேன். ஓலை வீடு, வாசல் துப்புரவாக இருந்தது. செல்லமுத்து அடுப்படியில் உட்கார்ந்து குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தான். அவன் ஆக்குகிறான், அவள் முகர்ந்து பார்த்து இது வெந்தது, இது அடிப்பிடிக்கிறது என்று சொல்கிறாள். அவனுக்குத் தன் கையால் ஆக்கிப் போட மாட்டேன் என்று வந்த அன்றைக்கே சொல்லிவிட்டாளாம். வாசனை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். மண்ணெண்ணெய் மட்டும் பழையபடி தெரிகிறது அண்ணே, மற்றதெல்லாம் வந்தால் வரட்டும் என்றான். சோறு இப்போது நாறவில்லை, வெறும் சூடாக இருக்கிறது, அவ்வளவுதான் என்றான்.

மருதாயி பத்திரிகையை மரியாதையாக வாங்கிக்கொண்டாள். சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். அன்று கருவாட்டுக் குழம்பு. எனக்கு மத்தியானப் பசி. நான் எந்த வீட்டிலும் சோறு கேட்டதில்லை. போட்டால்கூட இரண்டு தரம் வேண்டாம் என்று சொல்லித்தான் உட்காருவேன். அன்றைக்குக் கேட்டேன். "சாப்புட்டுட்டுப் போறேன் மருதாயி, நீயே போடு," என்றேன்.

அவள் குரலை உயர்த்தவில்லை.

"தண்ணி குடிங்க மாமா, தெளிவா இருக்கு, பாத்தாலே தெரியும். சோறு வேண்டாம். நாளைக்கு ஒங்களுக்கு வயிறு வலிச்சா நான் எந்த ஊருக்குப் போறது?"

செல்லமுத்து தலையைத் தூக்கவில்லை, குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தான். நான் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைத்தேன். எனக்கு மூக்கு நன்றாக இருக்கிறது, அன்றைக்கும் நன்றாக இருந்தது. பஸ் நிற்கும் இடம் இரண்டு பர்லாங்கு. அதுவரைக்கும் அந்தக் குழம்பு மணந்துகொண்டே வந்தது.